ஐம்பது கிராம் குறைந்த லேப்டாப்

"தொறக்குறது பெரிய விஷயமில்லம்மா. தொறந்துட்டா இந்தப் பொண்ணுக்கு மூடத் தெரியாது. அப்பறம் எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிக்கிட்டு இங்கதான் வருவீங்க, பாருங்க."

அய்யம்பேட்டை கடைத்தெருவில் பழைய லேப்டாப்களைச் சரிசெய்து விற்கும் பாய், என் அம்மாவிடம் சொன்னது இது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். இரட்டைச் சடை, பள்ளிக்கூடப் பையில் ஒரு லேப்டாப், மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பரீட்சை. பாய் என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடக் கோபம் குறைந்திருக்கும். என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

இருபத்துநாலு வயதில் பழைய கதை எழுத உட்கார்ந்துவிட்டாள் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். லேப்டாப் வயதுக் கணக்கில் நான் எப்போதோ கிழவியாகிவிட்டேன். நம் செட்டில், வீட்டிலேயே முதல் ஆளாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் முதல் கம்ப்யூட்டர் இப்படி ஏதாவது ஒரு கூத்தோடுதான் வந்திருக்கும். நான் என் கூத்தைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் லேப்டாப் கொடுப்பார்கள், இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நாம் காத்திருந்தது நினைவிருக்கிறதா? நான் காத்திருந்தேன். அப்பா காத்திருக்கவில்லை. அந்த வருஷம் குறுவை அறுவடை தொடங்கிய சமயத்தில் ஒரு நாள், "கெளம்பு, போயி ஒண்ணு பாத்துட்டு வருவோம்" என்று என்னை பஸ்ஸில் ஏற்றினார்.

அப்பாவுக்கு எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. குவியலில் இருந்து நெல்லை அள்ளிச் சாக்கில் நிரப்புவது, தராசில் வைப்பது, தைத்த மூட்டையை லாரியில் ஏற்றுவது. அதிலும் தராசு அவர் பொறுப்பு. மூட்டைக்கு நாற்பது கிலோ என்றால் நாற்பது கிலோதான். அவர் கை மதிப்பாக அள்ளிப்போட்டுவிட்டுத் தராசைப் பார்த்தால் ஒரு கைப்பிடி கூடக் குறையக் கிடக்கும், அவ்வளவுதான். நெல் கொண்டுவருகிறவர்கள், "அவரு எடை போட்டா நாங்க பாக்கவே வேணாம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும்.

அந்தக் கண்ணோடுதான் பாய் கடைக்குள் நுழைந்தார்.

கடை என்றால் ஒரு சின்ன அறை. முன்னால் கண்ணாடி மேசை, அதன் பின்னால் பாய், அவருக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை. ஊதுபத்தியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை. பாய் துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஆபீஸ்களில் கழித்துக் கட்டும் லேப்டாப்களைத் தெரிந்தவர்கள் மூலம் வரவழைத்து, சரிசெய்து விற்றார். மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று வெள்ளி நிறத்தில் அப்பளம் மாதிரி. ஒன்று சிவப்பு. மூன்றாவது கறுப்பாக, தடியாக, ஓரமெல்லாம் தேய்ந்து கிடந்தது.

பாய் வெள்ளியைத் திறந்து காட்டி என்னென்னவோ சொன்னார். அப்பா எதையும் கேட்கவில்லை. வெள்ளியை வாங்கி மூடி, உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டினார். கீழே வைத்தார். சிவப்பையும் அப்படியே. கறுப்பைத் தூக்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதுல பால் நல்லாப் புடிச்சிருக்கு" என்றார், முற்றிய நெல்மணியைச் சொல்வதுபோல.

"என்னண்ணே?"

"அந்த ரெண்டும் கருக்கா, பாய். உள்ள ஒண்ணுமில்ல."

"அண்ணே, இப்ப எல்லாரும் மெலிசாத்தான் கேக்குறாங்க."

"மெலிசு சன்ன ரகம். பாக்க நல்லாருக்கும். எம்பொண்ணுக்கு மோட்டா ரகம் போதும். வயித்துல நிக்கணும்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வெள்ளி மேல்தான் ஆசை. பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு கறுப்பை ஒரு பையில் போட்டார். மலிவானதும் அதுதான் என்பதால் என்னாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு நேராகப் போகவில்லை. கொள்முதல் நிலையத்தில் இறங்கினோம். கூட்டாளிகள் பார்க்க வேண்டுமே! எல்லாரும் தொட்டுப் பார்த்த பிறகு அப்பா அதைத் தராசில் வைத்தார். இரண்டு கிலோ அறுநூற்று நாற்பது. சாக்கில் குறிபோடும் நீல மையை எடுத்து, லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் 2.640 என்று எழுதினார். நான் "அப்பா!" என்று கத்தி முடிப்பதற்குள் மை காய்ந்துவிட்டது.

அது ஒரு விசித்திரமான பிராணி. விசைகளில் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்தும் இருக்கும். எதிர் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "துபாய்க்கு அனுப்பப் போறியளா புள்ளைய?" என்று கேட்டுவிட்டுப் போனார். 'எம்' எழுத்து தேய்ந்து போயிருந்தது; துபாயில் எவரோ 'எம்' நிறைய அடித்திருக்கிறார். முக்கால் மணி நேரம் ஓடினால் அடிப்பக்கம் தோசைக்கல். காற்றுப் போகட்டும் என்று அம்மா இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் இட்லி அவிக்கிற நாளில் எனக்குப் படிப்பு கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அது விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம். பொத்தானை அழுத்திவிட்டு அம்மாவிடம் சொல்வேன். அம்மா அரிசி களைந்து உலையில் போடுவாள். உலை கொதிக்கும்போது திரையில் ஒரு வட்டம் சுற்றும். "முழிச்சுக்கிச்சா?" என்பாள் அடுப்படியிலிருந்து. "இன்னும் இல்லம்மா." கஞ்சி வடிக்கிற நேரத்துக்குத்தான் நான் எதையாவது தொட முடியும்.

அப்போதுதான் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரியில் இரண்டு வருஷம் வாராவாரம் கம்ப்யூட்டர் பயிற்சி, இலவசம். ஆனால் கொஞ்சம் பேரைத்தான் எடுப்பார்கள். அதற்கு ஒரு இணையத் தேர்வு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இரண்டு மணி நேரம். போனில் எழுத முடியாது. இடையில் நின்றுவிட்டால் திரும்ப நுழைய முடியாது.

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்ததும் என்ன படிப்பது, எங்கே படிப்பது என்று கேட்பதற்கு எங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆளில்லை. அந்தப் பயிற்சிக்குப் போனால் கேட்க ஆள் கிடைக்கும் என்று நம்பினேன்.

மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார்த்தேன். ஏழாவது கேள்வியில் லேப்டாப் நின்றது. திரையில் அம்பு நகரவில்லை. விசிறி மட்டும் கதிரடிக்கும் மெஷின் மாதிரி இரைந்தது. மறுபடி போட்டேன், ஐந்தாவது கேள்வியிலேயே நின்றது. நான் அழுததைப் பார்த்து அப்பா பாய்க்கு போன் போட்டார்.

"ராம் ஒண்ணு சேத்துப் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி மாத்திட்டா குதிர மாதிரி ஓடும்ணே. மோட்டா ரகம்ல, தாங்கும்" என்றார் பாய். அப்பாவுக்கு அதில் கடைசி வரிதான் புரிந்தது. சரி என்றார்.

வியாழக்கிழமை கொடுத்து, வியாழக்கிழமையே வாங்கிவந்தோம். பாய் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பச்சைத் திரைக்குள் போனார், டீ குடித்துவிட்டு வந்தோம், வேலை முடிந்திருந்தது. வரும் வழியில் அப்பா பழையபடி கொள்முதல் நிலையத்தில் இறங்கினார். எந்தச் சரக்கு கைமாறி வந்தாலும் எடை பார்ப்பது அவருக்குப் பழக்கம். தராசில் வைத்தார்.

இரண்டு கிலோ ஐந்நூற்றுத் தொண்ணூறு.

எடுத்துவிட்டு, தராசைத் துண்டால் துடைத்து, மறுபடி வைத்தார். அதே எண். கவிழ்த்து நீல மையைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள்.

"அம்பது கிராம் அடிச்சிட்டான்யா" என்றார் ஒருவர்.

அப்பா லேப்டாப்பை எடுத்துத் துண்டில் சுற்றினார். அவர் முகம் கறுத்துவிட்டது. முப்பது வருஷமாகத் தராசில் நிற்கிற மனுஷன். அவர் சரக்கிலேயே கைவைத்துவிட்டார்களாம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் கடை திறக்கும்போது நாங்கள் வாசலில் நின்றோம். அப்பா மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"பாய், எடுத்தத வச்சிடுங்க. நான் சத்தம் போட மாட்டேன்."

"என்னத்தண்ணே எடுத்தேன்?"

"அது எனக்குத் தெரியாது. அம்பது கிராம் எடுத்திருக்கீங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் நிலைக்கண்ணாடி விற்கும் எதிர்க்கடையைப் பார்த்தேன்.

"அண்ணே, லேப்டாப்ப யாராச்சும் எடை போடுவாங்களா?"

"எதா இருந்தாலும் எடை போடணும், பாய்."

"பழசுக்குள்ள தட்டு இருக்கும்ணே, சுத்தும், கனமா இருக்கும். புதுசுல சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதான் லேசு."

"ஒண்ணுமே இல்லாததுக்குப் பேருதான் பதரு. பதரப் போட்டுட்டு நெல்ல எடுத்துக்கிட்டீங்க."

கூட்டம் கூடிவிட்டது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"விடுங்க பாய். எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கூட்டம் அமைதியாக இருந்தது. அப்பா என் பக்கம் திரும்பினார், பிறகு பாயிடம், "பழசையே வச்சுக் குடுங்க" என்றார். பாயும் கோபத்தில் இருந்தார். திரைக்குள் போனார், வந்தார். புதிய எஸ்எஸ்டியை எடுத்துக்கொண்டு அதற்கு வாங்கிய பணத்தை மேசையில் வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அப்பா கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் தராசு இரண்டு கிலோ அறுநூற்று ஐம்பது காட்டியது. பழைய எடைக்குப் பத்து கிராம் அதிகம். "பாத்தியளா? பயந்துபோயி கூடவே வச்சிக் குடுத்துட்டாரு" என்றார் அதே கூட்டாளி. அப்பா சிரிக்கவில்லை. வீட்டில் பொத்தானை அழுத்தினேன். அம்மா உலை வைத்தாள்.

சனிக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போனதும் அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள். "எடு அத. போவோம்."

கடையில் பாய் எங்களைக் கண்டதும், "இன்னிக்கு எத்தன கிராம்மா?" என்றார். அம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் நேரே பச்சைத் திரையை விலக்கினாள். அதுவரை அந்தத் திரைக்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. உள்ளே மேசை விளக்குக்குக் கீழே, கண்ணாடி போட்ட ஒரு அக்கா, திறந்த லேப்டாப் ஒன்றின் மேல் குனிந்து திருகு முடுக்கிக்கொண்டிருந்தார். பாயின் மனைவி. மூலையில் தையல் மெஷின். அதில் பாதி தைத்த ஜாக்கெட்.

"அப்ப வேலையெல்லாம் நீங்கதானா?" என்றாள் அம்மா.

அக்கா நிமிர்ந்து, "பொம்பள கைவேலைன்னு தெரிஞ்சா சரக்கு விக்காதுன்னு இவரு வாசல்ல உக்காந்திருக்காரு" என்றார். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனார்.

அம்மாவுக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. கீழே உட்கார்ந்துகொண்டாள். "தங்கச்சி, நான் ஒண்ணு சொல்றேன். அந்தப் புதுசையே போடு. கொறையிற அம்பது கிராமுக்கு உள்ள நெல்ல வச்சு மூடிடு. நான் மடியில கட்டிக்கிட்டு வந்திருக்கேன். அவரு எடையத்தானே பாக்கப் போறாரு?"

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "சூட்டுல பொரிஞ்சிரும்க்கா. புள்ள பரீட்ச எழுதிக்கிட்டிருக்கும்போது உள்ள பொரி வெடிக்கும்."

"அப்ப நாலு போல்ட்டு வையி."

"வேணாம்க்கா. எடைய வச்சு மூடுனா நாங்க எடுத்தது உண்மைன்னு ஆயிரும். அவரு கண்ணு முன்னாடி, அவரு தராசுலயே ஒவ்வொண்ணா எடுத்து வச்சுக் காட்டணும்."

பாய் வெளியிலிருந்தே, "நான் வர மாட்டேன். அங்க முப்பது பேரு ஆளுக்கொரு மூட்டைக் கொக்கி வச்சிருப்பாங்க" என்றார்.

"அப்ப இந்தப் பொண்ணே தொறக்கட்டும்."

அதற்குத்தான் பாய் உள்ளே தலையை நீட்டி, நான் முதலில் எழுதிய அந்த வாசகத்தைச் சொன்னார்.

அக்கா காதில் வாங்கவில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்தார். பேட்டரியைக் கழற்றுவது, அடியில் சின்னக் கதவு மாதிரி ஒரு மூடி, அதற்கு மூன்று திருகு, உள்ளே டிஸ்க், அதைப் பக்கவாட்டில் தள்ளி எடுப்பது. ஒரு தடவை செய்து காட்டினார். "இன்னொரு தடவ காட்டணுமா?" என்றார். வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்றேன். அம்மா எஸ்எஸ்டிக்குப் பணத்தை வைத்தாள். எஸ்எஸ்டியை ஒரு துணியில் சுற்றி, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வாங்கிக்கொண்டோம்.

கொள்முதல் நிலையத்துக்குப் போனபோது மூன்று மணி இருக்கும். மேற்கே மேகம் கட்டியிருந்தது. மழைக்கு முன்னால் மூட்டை பிடிக்க எல்லாரும் பறந்துகொண்டிருந்தார்கள். ஈர நெல்லின் புளித்த வாசனை. எங்களைப் பார்த்ததும் அப்பா மண்வெட்டியை ஊன்றி நின்றார். அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"வேணாம். நாளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு இத நோண்டாத. ஒடஞ்சுபோனா என்ன பண்ணுவ?" என்றார் அப்பா என்னிடம். முந்தின நாளிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"இப்படியே இருந்தாலும் எழுத முடியாதுப்பா. ஏழாவது கேள்வியில நிக்கிது. அதோட, அந்தப் பாய் திருடலைன்னும் தெரியணும்ல?"

அப்பா மண்வெட்டியை ஓரமாக வைத்தார். பிறகு, "ஈரம் படாத சாக்கு ஒண்ணு எடுத்தாங்க" என்று குரல் கொடுத்தார். சாக்கை அவரே உதறி விரித்தார். தராசைத் துண்டால் துடைத்து, பூஜ்யம் வரும்வரை நின்று பார்த்தார். தராசு விஷயத்தில் மகள் என்றும் பார்க்க மாட்டார், பாய் என்றும் பார்க்க மாட்டார். பட்டியல் எழுதும் சார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

சுற்றிலும் ஆட்கள். பேட்டரி வந்துவிட்டது. முதல் திருகு வந்துவிட்டது. இரண்டாவதைச் சுழற்றியபோது ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. திருகு ஒரு துள்ளுத் துள்ளிப் பக்கத்திலிருந்த நெல் குவியலுக்குள் போய் விழுந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அரிச்சுப் பாக்கலாம்."

"அரிச்சா எப்பக் கெடைக்கும்? தூத்தணும். பதரு பின்னால போவும், நெல்லு நடுவுல விழும், திருகு முன்னால விழும்."

"ஆமாமா. அதான் சரி."

தூற்றும் மெஷினைப் போட்டார்கள். என் ஒரு திருகுக்காக ஒரு முழுக் குவியலும் மறுபடி தூற்றப்பட்டது. ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது. உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்று கிடைத்தது. ஒரு பேனா மூடி கிடைத்தது. திருகு கிடைக்கவில்லை. நெல்லின் சொந்தக்காரர் மட்டும், காசில்லாமல் இன்னொரு தடவை சுத்தமானதில் மகிழ்ச்சியாகி, "வேற எதாச்சும் விழுந்துச்சாம்மா?" என்று கேட்டார். அந்தத் திருகு இன்றுவரை கிடைக்கவில்லை. எந்த மில்லில் எந்த அரிசியோடு போனதோ, யார் பல்லில் பட்டதோ.

இரண்டு திருகு போதும் என்று நானே முடிவு செய்தேன். மூடியைத் திறந்து பழைய டிஸ்க்கை உருவி அப்பா கையில் கொடுத்தேன். அவர் அதைத் தராசில் வைத்தார்.

"நூத்திப் பத்து" என்று படித்தார் பட்டியல் சார், ஏதோ பெரிய மிராசுதாரின் நெல்லை எடை போடுவது மாதிரி.

துணியைப் பிரித்துப் புதியதை வைத்தேன்.

"அம்பது."

அப்பா அதைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். காதருகில் வைத்துக் குலுக்கினார். "அப்ப அறுபது கொறையணும்" என்றார். "அன்னிக்கு அம்பதுதான கொறஞ்சுது?"

முப்பது வருஷத் தராசுக்காரர்! இப்போது சந்தேகம் மறுபக்கம் திரும்பிவிட்டது.

"ராம்னு ஒண்ணு புதுசா வச்சாங்கல்லப்பா, அது ஒரு பத்து கிராம் இருக்கும். அது இன்னும் உள்ளதான் இருக்கு. அதான் நேத்திக்குப் பத்து கூடக் காட்டுச்சு."

அப்பா விரல்களை மடக்கினார். அறுபது போய், பத்து வந்து, ஐம்பது. மறுபடி மடக்கினார். அதே ஐம்பது. புதியதைப் பொருத்தி, மூடியை வைத்து, இரண்டு திருகையும் முடுக்கி, பேட்டரியைப் போட்டு, மொத்தமாகத் தராசில் வைத்தேன்.

"ரெண்டு கிலோ ஐந்நூத்தித் தொண்ணூறு!"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. போன திருகைத் தராசு கண்டுகொள்ளவே இல்லை.

பொத்தானை அழுத்தினேன். பக்கத்தில் ஒருவர் மூட்டை வாயைத் தைக்க ஆரம்பித்திருந்தார். அவர் நாலாவது தையல் போடுவதற்குள் திரை விழித்துக்கொண்டது. அம்மா, "ஐயையோ, இனிமே நான் எதப் பாத்து உல வைக்கிறது?" என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். வந்த பஸ்ஸில் ஏறினார். பாய் கடையில் நடந்ததைப் பிறகு அந்த அக்கா சொல்லித்தான் தெரியும். வேலை அவசரத்தில் அப்பா இடுப்பில் மூட்டைக் கொக்கியைச் செருகியபடியே போயிருக்கிறார். அதைப் பார்த்ததும் பாய் எழுந்து பச்சைத் திரைக்குள் போய்விட்டாராம். அப்பா திரையைப் பார்த்துச் சொன்னாராம்: "பாய், எடை சரியா இருக்கு. நான்தான் தப்பு. நேத்து கூட்டத்துக்கு முன்னால சொன்னேன், இப்பயும் கூட்டத்துக்கு முன்னாலதான் சொல்றேன்." டீக்கடைக்காரரையும் அவரே கூப்பிட்டு நிறுத்தி வைத்திருந்தாராம்.

இப்போது யோசிக்கும்போது எனக்குச் சில விஷயங்கள் புரிகின்றன. அந்த லேப்டாப்பில் அப்பாவால் படிக்க முடிந்தது அதன் எடை ஒன்றைத்தான். ஆங்கிலம், அரபி, திரை, வட்டம் எதுவும் அவருக்கு இல்லை. அந்த ஒரு எண்தான் அவருடையது. அதுவும் மாறிப்போனால் அவர் வேறு எதைப் பிடித்துக்கொண்டு என் படிப்புக்குக் கூட வருவார்? 'ஒண்ணும் தெரியாது' என்று நான் சொன்னதற்கு இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இதை எழுதுவதில் கொஞ்சம் அதுவும் இருக்கிறது.

இன்னொன்று. பின்னாளில் அந்த வெள்ளி லேப்டாப் மாதிரி ஒன்றைத் திறந்து பார்த்தேன். அதில் ராமைப் பலகையோடு சேர்த்து ஒட்டியிருந்தார்கள். கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. அன்று நான் ஆசைப்பட்டதை வாங்கியிருந்தால் ஏழாவது கேள்வியோடு என் கதை முடிந்திருக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததுதான் சரி. காரணம் தப்பு, சரக்கு சரி.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை எழுதினேன். ஏழாவது கேள்வி வந்தபோது விரலை எடுத்துவிட்டு ஒரு கணம் காத்திருந்தேன். அது நிற்கவில்லை. எட்டு வந்தது, ஒன்பது வந்தது, நாற்பது வரை வந்தது. அப்பா அந்த இரண்டு மணி நேரமும் தெருமுனையில் நின்று, வந்த டிராக்டரையெல்லாம் வேறு வழியாகத் திருப்பிவிட்டார். சத்தத்துக்கும் இணையத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பெயர்களில் என் பெயரும், அதற்குப் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரும் இருந்தன. என் பெயருக்கு முன்னால் இருந்த ஓரெழுத்தைக் காட்டி, "இதுதாம்பா நீங்க" என்றேன். அப்பா அதை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

அந்தப் பயிற்சியில் கேட்க ஆள் கிடைத்தார்கள். என்ன படிப்பது, எங்கே விண்ணப்பிப்பது, விடுதிக்கு எப்படி எழுதுவது என்று எல்லாவற்றையும் கேட்டேன். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படித்தேன். படித்துவிட்டு, உங்களில் பாதிப் பேரைப் போலவே, படித்ததற்குச் சம்பந்தமில்லாத சாஃப்ட்வேர் வேலைக்குச் சென்னைக்குப் போனேன். நல்ல சம்பளம். ஊரில் மரியாதை. இரண்டு வருஷம் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் எனக்கு எப்போதும் பிடித்தது திரைக்கு அடியில் இருக்கும் சமாச்சாரம்தான். ஒரு விரல் அகலத் துண்டுக்குள் சுற்றுவதற்கு எதுவும் இல்லாமல் நாம் சேமித்ததெல்லாம் எப்படித் தங்குகிறது என்று அந்தக் களத்தில், சாக்கின் மேல் மண்டியிட்டபோது வந்த கேள்வி, வேலைக்கு நடுவிலும் வந்துகொண்டே இருந்தது.

அதனால் போன மாதம் வேலையை விட்டுவிட்டேன். சிப் வடிவமைப்பில் எம்.இ. சேர்ந்தாயிற்று, கட்டணம் கட்டியாயிற்று, விடுதியில் இரண்டாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டில். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு முதல் வகுப்பு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு அம்மாவிடம் சொல்வேன். அம்மா அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பாள். அதற்குள் உங்களில் யாராவது எங்கள் ஊர்ப்பக்கம் போனால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.